உப்புக் கிணற்றுக்கு வந்த சிப்பிகள்

இன்பராஜ் வளைகுடாவிலிருந்து ஆம்பூருக்குத் திரும்பி வந்தபோது, பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "முத்து கொண்டாந்தியா?" டீக்கடையில் கேட்டார்கள். சர்ச் வாசலில் கேட்டார்கள். முடிவெட்டுகிறவர் கத்தரியைக் காதோரம் நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆறு வருஷம் முத்துப் பண்ணையில் வேலை பார்த்தவன் ஒரு முத்துகூட இல்லாமல் வருவான் என்பதை யாராலும் நம்ப முடியவில்லை. அவன் கொண்டுவந்தது வலது தோளில் ஒரு வலியைத்தான். கை தோளுக்கு மேல் எழும்பாது. காலையில் சட்டை மாட்ட மனைவி மெர்சிதான் ஒத்தாசை செய்தாள்.

அங்கே போவதற்கு முன்னால் அவன் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் ஈரத்தோல் பகுதியில் இருந்தான். சுண்ணாம்பில் ஊறிய தோலின் உட்பக்கம் ஒட்டியிருக்கிற சதையையும் சவ்வையும் மெஷினில் கொடுத்துச் சுரண்டி எடுக்கிற வேலை. ஆர்டர் குறைந்து முதலாளி ஆட்களைக் கழித்தபோது இவன் பேரும் போனது. கூட வேலை பார்த்த யாசிர்தான் வளைகுடாவில் இருந்த தன் மாமன் மூலமாக வழி சொன்னான்.

"சுரண்டுற வேலதான் தோஸ்த். இங்க தோலு, அங்க சிப்பி. அவ்ளோதான்."

"எனக்கு நீச்சல் தெரியாதேடா."

"உன்ன யாரு நீந்தச் சொன்னது? படகுல உக்காந்து சுரண்டு."

யாசிர் சொன்னதில் பொய் இல்லை. கடலுக்குள்ளே மிதவைகளில் நீளமாகக் கயிறு கட்டி, கயிற்றிலிருந்து வலைக்கூண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கூண்டுக்குள்ளே சிப்பிகள். உள்ளங்கையை மூடி வைத்த மாதிரி இருக்கும். கடலில் எதைத் தொங்கவிட்டாலும் அதன்மேல் குடியேற ஆயிரம் ஜீவன்கள் காத்திருக்கின்றன. வெள்ளையாகக் கல் மாதிரி ஒட்டிக்கொள்கிற ஒன்றுக்குக் கொட்டலசு என்று பேர். படகில் இருந்த ராமநாதபுரத்துக்காரர் சொல்லித் தந்தார். கொட்டலசு, பாசி, ஓட்டைத் துளைக்கிற புழு என்று எல்லாவற்றையும் கத்தியால் சுரண்டி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, சிப்பியைத் திரும்பக் கூண்டில் வைத்துக் கடலில் இறக்க வேண்டும். கயிற்று வரிசையின் ஒரு கோடியிலிருந்து ஆரம்பித்து மறுகோடி போய்ச் சேர்வதற்குள் முதல் கூண்டில் மறுபடியும் கொட்டலசு ஏறியிருக்கும்.

முதல் வருஷம் முழுக்க அவன் படகின் நடுவில்தான் உட்கார்ந்தான். கீழே எவ்வளவு ஆழம் என்று நினைத்தாலே பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். பிறகு பயம் போய்விட்டது, அது போன இடத்தில் அலுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

சிப்பிக்குள் முத்து எப்படி வருகிறது என்பதை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. அதெல்லாம் கரையில் ஏசி போட்ட அறைக்குள் நடக்கும். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் சிப்பியின் வாயைக் கொஞ்சமாகத் திறந்து, சதையில் கீறல் போட்டு, ஏதோ நாட்டு ஆற்றுச் சிப்பியின் ஓட்டை உருட்டிச் செய்த சின்ன மணியை உள்ளே வைப்பார்களாம். கூடவே வேறு சிப்பியின் சதையில் ஒரு துணுக்கு. சிப்பி அந்த மணியைச் சுற்றி மாவு பூசுகிற மாதிரி மெல்லிசாகப் பூசிக்கொண்டே போகும். ஒன்றரை, இரண்டு வருஷம் பூசினால்தான் முத்து. நூறு சிப்பிக்கு மணி வைத்தால் பாதி செத்துப்போகும் அல்லது மணியைத் துப்பிவிடும். மிச்சத்தில் கோணல், புள்ளி, மங்கல் எல்லாம் போக, நகைக் கடைக்காரன் வெல்வெட் துணியில் வைத்துக் காட்டத் தகுந்தவை நாலோ ஐந்தோ. ஒவ்வொன்றும் இன்பராஜின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலே விலை போகும் என்று ராமநாதபுரத்துக்காரர் சொல்வார். மொத்தப் பண்ணையும் அந்த நாலைந்தை நம்பித்தான் நடந்தது.

கடைசி வருஷத்து வெயிலில் கடல் கொதித்துவிட்டது. கூண்டைத் தூக்கக் கையை விட்டால் குளிக்கக் காய்ச்சிய வெந்நீர் போலிருந்தது. முதலில் ஒரு வரிசை, பிறகு பக்கத்து வரிசை. சிப்பிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. பிழைத்ததைக் காப்பாற்ற வழியில்லாமல், செத்ததையாவது பார்ப்போம் என்று எல்லோரையும் கரையில் உட்கார வைத்து ஓட்டைப் பிளக்கச் சொன்னார்கள். அழுகிய சதை நாற்றம் டேனரி நாற்றத்தையும் தோற்கடித்தது. அந்தக் கொழகொழப்புக்குள் விரலைவிட்டுத் துழாவியபோதுதான் இன்பராஜ் முதன்முதலாக ஒரு முத்தைத் தொட்டான். எடுத்துக் கழுவிப் பார்த்தான். பளபளப்பு இருந்தது. நகத்தால் லேசாக உரசினதும் தோல் உரிந்து உள்ளே இருந்த வெள்ளை மணி தெரிந்தது. சூப்பர்வைசர் வாங்கிப் பார்த்துவிட்டு, "பூச்சு பத்தல" என்று வாளியில் போட்டார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வாளி நிறைந்துவிட்டது. அடுத்த மாதம் பண்ணையை மூடினார்கள்.

ஊருக்கு வந்தபின் இன்பராஜ் தினமும் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, இன்னொரு தூக்கத்துக்குக் காத்திருந்தான். மெர்சி ஷூ கம்பெனிக்குப் போனாள். ஏதோ வெளிநாட்டு ஆர்டர்; பெண்கள் செருப்பின் வாரில் வரிசையாகப் பிளாஸ்டிக் முத்து ஒட்டுகிற வேலை. வீட்டுக்கு வரும்போது அவள் விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோலாக உரியும். ராத்திரிச் சாப்பாட்டின்போது இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சண்டை இல்லை. பேச ஆரம்பித்தால் முடிக்கத் தெம்பு வேண்டுமே.

அப்படியான ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் புகழேந்தி தேடிக்கொண்டு வந்தான். பாலாற்றங்கரை ஓரம் நிலம் வைத்திருக்கிறவன். இன்பராஜைவிட ஏழெட்டு வயசு சின்னவன். வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நேராக விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணா, உங்களுக்கு முத்துச் சிப்பி வளக்கத் தெரியும்னாங்க."

"யாரு சொன்னது? எனக்குச் சுரண்டத்தான் தெரியும் தம்பி."

"ஆறு வருஷம் கூடவே இருந்திருக்கீங்களே."

"ஆசுபத்திரியில தரை தொடைக்கிறவரும் அங்கேயேதான் இருக்காரு. அவர ஆபரேஷன் பண்ணச் சொல்லுவியா?"

புகழேந்தி சிரித்துவிட்டான், ஆனால் எழுந்து போகவில்லை. தன் கிணற்றைப் பற்றிச் சொன்னான். அவனுடைய அப்பா காலத்தில் அந்தத் தண்ணீரில் நெல்லும் வாழையும் விளைந்தன. டேனரிக் கழிவு ஆற்று மணலில் இறங்கி இறங்கி, கிணறு கொஞ்சம் கொஞ்சமாக உப்பாகிவிட்டது. மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தென்னை மரங்கள் தலை காய்ந்து நிற்கின்றன. செல்போனில் ஏதோ வீடியோ பார்த்தபோதுதான் அவனுக்குத் தோன்றியிருக்கிறது: கடல் முத்துச் சிப்பிக்கு உப்புத் தண்ணி வேணும், என்கிட்ட இருக்கிறது உப்புத் தண்ணி மட்டும்தானே.

"அந்த உப்பு வேற, கடலு உப்பு வேற" என்றான் இன்பராஜ்.

"இன்னா வேற?"

வேறு என்பது மட்டும்தான் இன்பராஜுக்குத் தெரியும்.

புகழேந்தி மறுவாரமும் வந்தான். அதற்கு மறுவாரமும் வந்தான், ஆனால் அன்றைக்குச் சிப்பியைப் பற்றிப் பேசவில்லை. மெர்சி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் போனபின் மெர்சி சொன்னாள்: "ஒரு வாட்டி போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன். பாவம், மூஞ்சியே செத்துக் கெடக்குது."

"போனா வேலையில இழுத்து வுட்ருவான்."

"இழுத்து வுட்டா என்ன? இங்க மட்டும் இன்னா பண்றீங்க?"

அவள் குத்திச் சொல்லவில்லை, அலுத்துச் சொன்னாள். அதனால்தான் அவனுக்கு அது உறைத்தது. திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனான்.

நிலத்தில் நின்றால் ஏலகிரி மலை தெளிவாகத் தெரிந்தது. கிணறு அகலமானது, நல்ல கல்கட்டு. எட்டிப் பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. வாளியில் இறைத்து ஒரு வாய் வைத்துத் துப்பினான் இன்பராஜ். புகழேந்தியின் மனைவி செண்பகம் வீட்டுக்குள்ளிருந்து கேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "எங்க ஊட்டுக்காரரு சொல்றது நடக்குமாண்ணா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"நடக்காதும்மா."

"அவருகிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்பறம் ஏன் வந்தீங்க?"

இன்பராஜ் தண்ணீரைக் குடித்து முடித்தான். மறுபடியும் கிணற்றை எட்டிப் பார்த்தான்.

கடலோரத்தில் சிப்பிக் குஞ்சு வளர்க்கிற ஒரு இடத்தில் பேசி, புகழேந்தி முதலில் ஒரு கைப்பிடி சிப்பி மட்டும் வரவழைத்தான். ஈரச் சாக்கில் சுற்றித் தெர்மோகோல் பெட்டியில் பஸ்ஸில் வந்தன. பெட்டியைத் திறந்ததும் வளைகுடாக் கடலின் அதே வாசனை எழும்பியது. அந்தக் கடலை அவன் ஒரு நாளும் விரும்பியதில்லை. ஆனாலும் சிப்பியைக் கையில் எடுத்தபோது, விரல்கள் தாமாகவே ஓட்டின் விளிம்பைத் தடவிக் கொட்டலசு தேடின.

பிளாஸ்டிக் தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிச் சிப்பிகளை விட்டார்கள். அவை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தன. மறுநாள் வந்து பார்த்தபோது எல்லாம் வாய் பிளந்திருந்தன. புகழேந்தி ஒன்றை எடுத்து மூடிப் பார்த்தான். விட்டதும் திறந்துகொண்டது.

"சரி. கடலு தண்ணிதான் வேணும்னா கடலயே கொண்டாந்துருவோம்" என்றான்.

இன்பராஜ் இதோடு ஆசை தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தான். புகழேந்தியோ ஊருக்குக் குடிதண்ணீர் விடுகிற டேங்கர்காரர் நிசார் அஹமதுவிடம் பேசி முடித்துவிட்டான். நிசார் அஹமது தலையில் அடித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். சென்னைக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் மோட்டார் வைத்து நிரப்பிக்கொண்டு, டேங்கர் மறுநாள் மதியம் வந்து சேர்ந்தது. இந்தச் செய்தி எப்படித்தான் பரவியதோ, பக்கத்துத் தெருவெல்லாம் நிலத்தில் கூடிவிட்டது. சிமெண்டுத் தொட்டிக்குள் குழாயைத் திறந்துவிட்டதும் ஒரு கிழவர் கையை நீட்டிப் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நம்ம கெணறு இதுக்கு ஜாஸ்தியா கம்மியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கசப்பு நம்மளுதுதான் ஜாஸ்தி" என்றார் கிழவர்.

எல்லோரும் சிரித்தார்கள். புகழேந்தியும் சிரித்தான். அந்த ஒரு நாள் அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது, இன்பராஜுக்குத் தான் நடக்காது என்று சொன்னதே தப்போ என்று தோன்றியது.

இந்தத் தடவை பெட்டிப் பெட்டியாகச் சிப்பி வந்தது; இது பிழைத்தால் மணி வைக்க ஆள் தேடலாம் என்றான் புகழேந்தி. கடல் தண்ணீரில் விட்டதும் கொஞ்ச நேரத்தில் அவை மெல்ல வாயைத் திறந்து, உள்ளேயிருந்த சதையின் கருப்பு ஓரத்தை வெளியே காட்டின. இது உயிரோடிருக்கிற சிப்பியின் திறப்பு. விரல் நிழல் பட்டால் சட்டென்று மூடும். செண்பகம் நிழலைக் காட்டிக் காட்டி மூடவைத்துப் பார்த்தாள். இன்பராஜ் நிலத்திலேயே தங்கிவிட்டான். மீன் தொட்டிக்குப் போடுகிற காற்று மோட்டார் வைத்தான், புகழேந்தியை மேலே ஏற்றித் தென்னங்கீற்று வேயவைத்தான், தண்ணீர் சூடாகாமல் ஈரச் சாக்கு கட்டினான். சனிக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போனான். மெர்சி அவன் சட்டையை மோந்துவிட்டு, "மறுபடியும் வெளிநாடு போய்ட்டு வந்த மாரி இருக்குது" என்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் அவனோடு விளையாட்டாகப் பேசியது அன்றைக்குத்தான்.

இரண்டாவது வாரம் புகழேந்தி கேட்டான்: "அண்ணா, இதுக்குத் தீனி இன்னா போடணும்?"

ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பண்ணையில் சிப்பிக்குத் தீனி போட்டதை இன்பராஜ் பார்த்ததில்லை. கடல் போட்டது. கடல் எதைப் போட்டது என்று அவன் யாரையும் கேட்டதில்லை. கூண்டைத் தூக்கினான், சுரண்டினான், இறக்கினான்.

குஞ்சு கொடுத்த இடத்துக்குப் போன் போட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத பாசிதான் சாப்பாடு என்றும், அதைத் தனியாக வளர்க்க வேண்டும் என்றும், விதைப்பாசி ஒரு பாட்டிலில் அனுப்புகிறோம் என்றும் சொன்னார்கள். பாட்டில் வந்தது. டிரம்மில் ஊற்றி வெளிச்சத்தில் வைத்தார்கள். நாலு நாள் வெளிர்ப் பச்சையாக இருந்தது. ஐந்தாம் நாள் பழுப்பாகி நுரைத்து நாறியது. இன்னொரு பாட்டில் வாங்கினார்கள். அதுவும் அப்படியே போனது. செண்பகம் தன் கைப்பக்குவத்துக்கு அடங்குமோ என்று மூன்றாவது டிரம்மைத் தானே கவனித்தாள். அவளுக்கும் அடங்கவில்லை.

சிப்பிகள் உடனே சாகவில்லை. அதுதான் பெரிய வேதனை. சதை வற்றிக்கொண்டே வந்தது. நிழல் பட்டால் மூடுகிற வேகம் நாளுக்கு நாள் குறைந்தது. ஒரு காலை புகழேந்தி தொட்டி ஓரம் குந்தி உட்கார்ந்து கையை நீட்டி நிழலை ஆட்டினான். சிப்பி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மூடியது.

"தம்பி, போதும்" என்றான் இன்பராஜ். "பட்டினி போட்டுச் சாவடிக்கிறோம்."

"அங்க எப்டிண்ணா அத்தன வருஷம் நடத்துனாங்க?"

"அங்க கடலு இருந்துச்சு. கடலு இருந்துமே ஒரு வெயில்ல எல்லாம் போச்சு. இருக்கிறதுல நாலுதான் வெலைக்குப் போவும்; மிச்சம் எல்லாம் அந்த நாலுக்காகச் சாவும். அதான் முத்து யாவாரம். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

"பணத்துக்காக மட்டும் இல்லண்ணா" என்றான் புகழேந்தி. "அந்தக் கெணத்த டெய்லியும் தாண்டிப் போறேன். மூடவும் மனசு வரல. அதுக்கு ஒரு வேல குடுத்துரணும்னு பாத்தேன்."

இன்பராஜ் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். வெயில் கீற்று வழியாக இறங்கி இரண்டு பேர் முதுகிலும் விழுந்தது. காற்று மோட்டார் கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்பராஜ் எழுந்துபோய் அதை நிறுத்தினான்.

மிச்சமிருந்ததைக் கடலுக்கே திருப்பிக் கொண்டுபோய் விடலாமா என்று செண்பகம் கேட்டாள். நிசார் அஹமதுவைக் கேட்டபோது வண்டி ரிப்பேரில் இருந்தது. அடுத்த நாளே பெரும்பாலானவை வாய் பிளந்துவிட்டன. மூன்று பேரும் உட்கார்ந்து ஓட்டைப் பிரித்தார்கள். மணி வைக்காத சிப்பி. உள்ளே முத்து இருக்காது என்று மூவருக்குமே தெரியும். ஆனாலும் செண்பகம் ஒவ்வொரு சதையையும் விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டே ஒதுக்கினாள். கழுவிய ஓட்டின் உட்புறம் வெயிலில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பளபளத்தது. அவள் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியலியே" என்றாள்.

சதையைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். தொட்டி நிறையக் கடல் தண்ணீர் நின்றது. நிலத்தில் திறந்துவிட்டால் இருக்கிற மண்ணும் கெடும். என்ன செய்வது என்று இன்பராஜ் கேட்டான்.

"கெணத்துலயே வுட்ருங்கண்ணா" என்றான் புகழேந்தி. "இனிமே அதுக்கு இன்னா?"

குழாயைப் போட்டு விட்டார்கள். தொட்டி காலியாகச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அதற்கப்புறம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. புகழேந்தி ரோட்டோரத்துப் பக்கத்தை லாரி நிறுத்த வாடகைக்கு விட்டான். கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி போட்டான், மூடவில்லை. இன்பராஜுக்கு மெர்சி வேலை செய்கிற கம்பெனியிலேயே பேக்கிங் பகுதியில் வேலை கிடைத்தது. கையைத் தூக்க வேண்டியதில்லை; மேசைமேல் வருகிற டப்பாவுக்குள் காகிதத்தை மடித்து வைத்து மூட வேண்டும். முத்து வைத்த செருப்பு ஆர்டர் முடிந்துபோய் இப்போது ஆண்கள் ஷூ ஓடிக்கொண்டிருந்தது. காலையில் இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள், சேர்ந்து திரும்பினார்கள். கம்பெனி பஸ்ஸில் மெர்சி ஜன்னலோரம் உட்காருவாள்.

ஒரு சாயங்காலம் பஸ்ஸில் அவள் கேட்டாள்: "அந்தப் பையன் போன் பண்ணானா?"

"பண்ணான். சும்மாதான். நல்லா இருக்கீங்களான்னு கேட்டான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நீ எப்டி இருக்கேன்னு கேட்டேன்."

"அப்பறம்?"

"அவன் சிரிச்சான். வெச்சிட்டான்."

ஹைவேயில் வண்டிகள் தேங்கி நின்றதால் பஸ் ஊர்ந்து போனது. பிரியாணிக் கடைகளில் விளக்கு போட்டிருந்தார்கள். அவள் தலை ஜன்னல் கம்பியில் இடித்து இடித்து ஆடுவதைப் பார்த்து, இன்பராஜ் தன் இடது தோளை நகர்த்திக் கொடுத்தான். இறங்குகிற இடம் வரும்வரை இரண்டு பேரும் தூங்கினார்கள்.